செவ்வந்தி குறுக்கே போன நாட்கள்

10 ஜூலை 2024, புதன்

வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருக்கிறது. அண்ணனுக்கு முதல் பரிசு தவறிப்போய்விட்டது.

சாயங்காலம் ஆறே முக்காலுக்கு நாலு நம்பர் லாட்டரி எடுக்கக் கிளம்பினார். இருபது வருடமாக ஒரே நம்பர்தான், போர்ட் கிள்ளானில் அவர் ஓட்டிய பழைய லோரியின் பிளேட் நம்பர். கிரில்லைத் தாண்டியதும், நான் வாசலில் மீன் தலை போட்டுப் பழக்கிய அந்தச் செம்பட்டைப் பூனை, வயிற்றுப் பாரத்தோடு அவர் குறுக்கே போய்விட்டது. உடனே திரும்பி வந்தார். பூனை குறுக்கே போனால் உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். அது அவர் சட்டம். உட்கார்ந்தார், குடித்தார், வேர்வையைத் துடைத்தார். கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழு மணியாகிக் கவுண்டரை மூடிவிட்டார்கள். ராத்திரி ரிசல்ட் வந்தது. அதே நம்பர். முதல் பரிசு.

"தண்ணி குடிக்காம போயிருந்தா கிடைச்சிருக்கும்ணே" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். டம்ளர் பறந்து ஃபிரிட்ஜில் பட்டது.

11 ஜூலை, வியாழன்

அண்ணன் பூனையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

13 ஜூலை, சனி

கிளினிக்கில் இன்று அரை நாள். மருந்து கவுண்டரைப் பூட்டிவிட்டு ஒரு மணிக்கு வந்தால் படிக்கட்டில் பூனை இல்லை. அது சாப்பிடும் தட்டும் இல்லை. சமையலறையில் மடித்து வைத்திருந்த அரிசிச் சாக்கும் இல்லை.

"பாசார்ல விடச் சொல்லி வாசுகிட்ட கொடுத்துட்டேன். அங்க மீன் கிடைக்கும், பொழைச்சுக்கும்" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். இந்த ஊரில் எல்லாரும் சொல்வதுதான். வேண்டாத பூனையைப் பாசாரில், மீன் சந்தையில், விட்டுவிட்டால் பாவம் கழுவப்பட்டுவிடும், மீன்காரன் பார்த்துக்கொள்வான்.

அதுவும் வயிற்றில் குட்டியோடு. சாக்கில் கட்டி.

ஆறு வருடத்துக்கு முன் அண்ணி போனதும் கிள்ளான் வீட்டை விற்று மகனுக்குக் கொடுத்துவிட்டு, "ஒரு மாசம் உன் வீட்டுல இருந்துக்கறேன் உஷா" என்று ஒரு பையோடு வந்த மனிதர். நான் சம்பாதித்து வாங்கிய இந்த பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டில் என் நாற்காலி போனது, டிவி போனது, ரோஜாத் தொட்டிகள் போயின. ராமலிங்கம் சார் போனார். ரயில்வேயில் வேலை செய்தவர், நல்ல மனிதர், என்னைப் பெண் கேட்டுத்தான் வந்தார். இவர் கிரில்லுக்கு உள்ளே நின்றுகொண்டே, "உஷாவுக்கு அந்த மாதிரி எண்ணமெல்லாம் இல்ல" என்று பதில் சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு வருடம் கழித்துக் கோயிலில் அவரை மனைவியோடு பார்த்தபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அப்போதும் நான் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு ஒரு ஆம்பளை வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொல்லிக்கொண்டேன்.

சரி. இனி இந்த நோட்டில் அவருக்கு மரியாதை கிடையாது. வந்தான், போனான், தின்றான். அவ்வளவுதான்.

14 ஜூலை, ஞாயிறு

அண்ணனின் கூட்டாளி, இன்னும் லோரி ஓட்டுகிற வாசு அண்ணனுக்குப் போன் போட்டேன். பயந்துவிட்டார். "எனக்கு என்னா தெரியும் தங்கச்சி? உங்கண்ணன் வேலாயுதம் கொடுத்தான், கொண்டு போனேன். போர்ட் கிள்ளான்ல மீன் விக்கிற இடத்துக்குப் பின்னால அவுத்து விட்டேன். வழியெல்லாம் சாக்கு அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு, எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு லா."

கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறிக் கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போனேன். மூன்று மணி நேரம் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் குனிந்து குனிந்து தேடினேன். மீன் விற்கிற சீன ஆன்டி என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். கடைசியில் அவர்தான் காலால் ஒரு தார்ப்பாயை விலக்கிக் காட்டினார். வால் நுனி மடங்கிய அதே செம்பட்டை. மேலெல்லாம் மீன் செதில். மீன் இருந்ததுதான், ஆனால் அதை ஆளும் பூனைகள் ஏற்கெனவே இருபது இருந்தன. இதன் காதில் பாதியைக் காணோம்.

கிராப் காரில் கூட்டி வந்தேன். மலாய்க்கார டிரைவர் வழியெல்லாம் "கெசியான், கெசியான்" என்று பாவப்பட்டுக்கொண்டே வந்தார். முன்பின் தெரியாத மனிதர்.

அண்ணன் கதவில் நின்றான். "இத உள்ள கொண்டு வராதே."

"வீட்டுப் பத்திரத்துல யார் பேரு இருக்குண்ணே?" என்று கேட்டேன். ஆறு வருடத்தில் முதல் தடவை. அவன் கதவை விட்டு விலகினான். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? ஒரு பிளேட் ஐஸ் கச்சாங் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

பெயர் வைத்துவிட்டேன். செவ்வந்தி.

25 ஜூலை, வியாழன்

நாலு குட்டி. இரண்டு செம்பட்டை, ஒரு மூவர்ணம், ஒன்று கன்னங்கரேல். எங்கே போட்டது தெரியுமா? அண்ணன் அலமாரியில், பட்டு வேட்டியின் மேல். நான் அலமாரிக் கதவைத் திறந்து வைத்தேனா என்று கேட்டான். இல்லை என்றேன். திறந்துதான் வைத்தேன்.

27 ஜூலை, சனி

குட்டி பிறந்த தேதியை நம்பராக எழுதி எடுத்து வந்திருக்கிறான். தாயைச் சாக்கில் கட்டியவனுக்குக் குட்டியின் தேதி மட்டும் வேண்டுமாம். ஆடு பகை, குட்டி உறவு.

நம்பர் விழவில்லை. நன்றாக வேண்டும்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

குட்டிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. நாலையும் செவ்வந்தியையும் சேர்த்து இங்கே வைத்துக்கொள்ள முடியாது, பிளாட் நிர்வாகத்திலிருந்து ஒரு கடிதம் வந்துவிட்டது. ஒரு பூனைக்கு மேல் கூடாதாம். குட்டிகளுக்கு வீடு பார்க்க வேண்டும்.

இன்று குக்கர் விசில் எண்ணும்போது ஒரு யோசனை வந்தது. அண்ணன் நம்பர் எடுக்கப் போகும் பாதை எனக்குத் தெரியும். கீழே செக்யூரிட்டி கார்ட் கூண்டு, பிறகு மாலைக் கடை, மூலையில் திருச்செல்வத்தின் சலூன், அதை ஒட்டி நம்பர் கடை. நாலு இடம். நாலு குட்டி. புதன், சனி, ஞாயிறு என்று வாரத்துக்கு மூன்று நாள் குலுக்கல். நடக்கட்டும். ஒவ்வொரு மூலையிலும் ஒன்று குறுக்கே போகட்டும். தண்ணீர் குடித்துக் குடித்தே வயிறு வெடிக்கட்டும்.

தனியாகச் சிரித்தேன். செவ்வந்தி பயந்துபோய்ப் பார்த்தது.

21 செப்டம்பர், சனி

செவ்வந்திக்குக் கருத்தடை ஆயிற்று. ஒரு கவலை விட்டது.

கார்ட் மாட்டேன் என்றுவிட்டார், வேலை போய்விடுமாம். மாலைக் கடை அக்கா, "பூவுல முடி விழுந்தா சாமி என்னைக் கேக்காது, உன்னைத்தான் கேக்கும்" என்றார். நம்பர் கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே கையை ஆட்டிவிட்டார். மிச்சம் சலூன்.

கிளினிக்கில் என்னோடு வேலை செய்யும் அமுதவள்ளியிடம் திட்டத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "சலூனுக்குக் கதவே இல்லியேக்கா. நேரா ரோடு" என்றாள். கிள்ளானிலிருந்து தினமும் ரயில் பிடித்து வருகிறவள், சோர்ந்துபோய்ப் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

28 செப்டம்பர், சனி

கன்னங்கரேல் குட்டியை, கருப்பனை, சலூனில் வைத்துவிட்டேன். திருச்செல்வம் யாருக்கோ முகத்தில் நுரை தடவிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்துப் பெட்டியைக் கண்ணாடிக்குக் கீழே வைத்து, கிண்ணத்தையும் வைத்து, "ரொம்பச் சமத்து தம்பி, எலி பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் தெருவைத் தாண்டிவிட்டேன்.

சாயங்காலம் அண்ணன் போய்த் திரும்பி வந்தான். தண்ணீர். மறுபடி போய் மறுபடி வந்தான். தண்ணீர். "அந்த சலூன்காரனுக்கு என்னா கேடு, கருப்பு பூனய வளக்குறான்!" நான் சாம்பாரைக் கிளறிக்கொண்டே "அப்படியா அண்ணே?" என்றேன்.

2 அக்டோபர், புதன்

மூன்று டம்ளர்! கடை மூடிவிட்டது. இன்றைக்கு மூன்று முழு டம்ளர்!

5 அக்டோபர், சனி

கருப்பன் செத்துவிட்டது.

மதியம் கிளினிக் முடிந்து வரும்போது சலூன் வாசலில் நாலு பேர். திருச்செல்வம் ஒரு துண்டை வைத்துக்கொண்டு நின்றார், முடி வெட்டும்போது போர்த்துவாரே, அந்தத் துண்டு. அதற்குள் இருந்தது. ஒரு மோட்டார் சைக்கிள். குட்டி ரோட்டுக்கு ஓடிப் போய்விட்டதாம், அவர் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினாராம்.

"நான் கேக்கவே இல்லையேக்கா" என்றார். சண்டை போடவில்லை, கத்தவில்லை. "கடைக்குக் கதவு இல்லன்னு உங்களுக்குத் தெரியும்தானே? நான் கேக்கவே இல்ல."

என்ன சொல்வது? அமுதவள்ளி சொன்னாள். எனக்குத் தெரியும். பத்து வாரக் குட்டி. அதற்கு ஒரு வீடு பார்க்கவே இல்லை நான், அண்ணனுக்கு ஒரு பூனை பார்த்தேன். அவன் சாக்கில் கட்டி விட்டான், நான் பெட்டியில் வைத்து விட்டேன்.

கோயிலுக்குப் பின்னால் ஆற்றோரம் புதைத்தேன். கிண்ணத்தை எடுக்க மறுபடி அந்தப் பக்கம் போகத் தைரியம் இல்லை.

6 அக்டோபர், ஞாயிறு



அண்ணன் பிரியாணியோடு வந்தான். நேற்று நம்பர் அடித்திருக்கிறதாம், கடைசி வரிசைப் பரிசு, கன்சலேஷன். என்ன நம்பர் என்று கேட்டேன். சொன்னான். சிரித்துக்கொண்டே சொன்னான். அந்த மோட்டார் சைக்கிளின் பிளேட் நம்பர். குட்டி அடிபட்டபோது அவன் எதிர்ப்பக்கம் மாமாக் டீக்கடையில் தேத்தாரே குடித்துக்கொண்டிருந்தானாம். ஓடி வந்து குட்டியைத் தூக்கவில்லை. நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டான்.

"இருந்த வரைக்கும் பாடா படுத்துச்சு, போறப்ப நம்பர் கொடுத்துட்டுப் போயிருச்சு பாரு. சாப்பிடு உஷா, ஆட்டுக்கறி."

டேய். டேய், நீயெல்லாம் ஒரு மனுசனா?

வாயால் சொல்லவில்லை. பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே கீழே கொண்டுபோய்க் கார்டிடம் கொடுத்தேன். அவர் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

7 அக்டோபர், திங்கள்

குறுக்கே பூனை விட்டதெல்லாம் போதும். குட்டிகள் மூன்று மிச்சம். அவனோடு சேர்த்து நாலு பேருக்கு வீடு பார்க்க வேண்டும்.

12 அக்டோபர், சனி

இரண்டு செம்பட்டைகளும் சுங்கை வேக்குப் போய்விட்டன. எடுத்துக்கொண்ட பரீதா அக்கா கிளினிக்கில் சர்க்கரை மருந்து வாங்குகிறவர், துணி வியாபாரம். இந்தத் தடவை நானே போய் வீட்டைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வலை இருக்கிறதா, கேட்டுக்கும் தரைக்கும் நடுவில் சந்து எவ்வளவு, வீட்டில் யாருக்காவது பூனை பிடிக்காதா. அவர் பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்வளவு கேக்கல உஷா" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "முன்ன ஏதும் ஆயிடுச்சா?"

சொன்னேன். பாவம், எழுந்து போய்த் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்தார்.

கிளம்பும்போது மருந்துக் கவரில் எழுதுகிற மாதிரியே எழுதிக் கொடுத்தேன். அவித்த மீன், நாளுக்கு மூன்று வேளை. ஒரு வாரம் கழித்து எனக்குப் படம் அனுப்ப வேண்டும். ஒத்துவராவிட்டால் என்னிடமே திருப்பிக் கொண்டுவர வேண்டும், எத்தனை மாதம் ஆனாலும். ரோட்டில் விடக்கூடாது, பாசாரில் விடக்கூடாது.

13 அக்டோபர், ஞாயிறு

மூவர்ணத்தை அமுதவள்ளி கிள்ளானுக்குக் கொண்டு போனாள். அவளுக்கும் அதே கவர். "நான் சொன்னேனேக்கா" என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

19 அக்டோபர், சனி

இந்தப் பூனைக்கு யார் மணி கட்டுவது என்று ஆறு வருடம் யோசித்தாகிவிட்டது. ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் போன் போட்டேன். அண்ணன் மகன் ரிஷி எடுத்தான்.

"அத்தே, அப்பாவுக்கு அங்கதான் பழகிப்போச்சு. இங்க ரூம் எல்லாம் சின்னது லா."

"கிள்ளான் வீட்ட வித்து வாங்கின வீடுதானேடா அது? எந்த ரூம் சின்னது?"

பின்னால் அவன் மனைவி மலர் ஏதோ சொன்னாள், போனை அவளே வாங்கிக்கொண்டாள். "எப்ப வராங்க அத்தை?"

அந்தப் பெண்ணுக்கு ஒரு புடவை எடுக்க வேண்டும்.

20 அக்டோபர், ஞாயிறு

அண்ணனிடம் சொன்னேன். தீபாவளி முடிந்ததும், சனிக்கிழமை.

"ஒரு பூனைக்காக அண்ணன வெளிய போகச் சொல்றே?"

"பூனைக்காக இல்ல. சாக்குக்காக. அந்த மோட்டார் நம்பருக்காக. அப்புறம், ராமலிங்கம் சாருக்காக."

கடைசிப் பெயரைக் கேட்டதும் அவன் என்னைப் பார்க்கவே இல்லை. "உன் நல்லதுக்குத்தான் பண்ணேன்" என்று டிவியிடம் சொன்னான். டிவி ஓடவே இல்லை.

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. முறுக்கு சுட்டேன். அண்ணன் நாலு தின்றான். வெடிச் சத்தத்துக்குச் செவ்வந்தி அவன் கட்டிலுக்கு அடியில்தான் போய் ஒளிந்தது. விவரம் கெட்டது.

2 நவம்பர், சனி

போய்விட்டான்.

வாசு அண்ணன் லோரியோடு வந்தார். வேண்டுமென்றேதான் அவரைக் கூப்பிட்டேன். மூட்டைகளைத் தூக்கும்போது வாசு அண்ணன் சாக்கு எதையும் தொடவில்லை, அதையும் கவனித்தேன். பிரஷர் மாத்திரைக்குக் கவர் எழுதி மலருக்காக அண்ணன் சட்டைப் பையில் வைத்தேன். காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின். உப்பு குறைவாக. ஒரு வாரம் கழித்துப் படம் அனுப்பவும்.

திருப்பிக் கொண்டுவரலாம் என்கிற வரியை எழுதவில்லை.

அண்ணன் வெளியே கால் வைத்தான். நான் கிரில்லைப் பூட்டினேன். கை தானாகப் பூட்டியது என்று எழுதினால் பொய். வேண்டுமென்றுதான் பூட்டினேன். அந்த நேரம் வெளியே செருப்பு அலமாரிக்கு அடியிலிருந்து செவ்வந்தி வந்து, மடங்கிய வாலைத் தூக்கிக்கொண்டு, அவனுக்கும் லிஃப்டுக்கும் நடுவில் நிதானமாக நடந்து போனது. சத்தியமாக நான் ஏவவில்லை.

அவன் நின்றான். திரும்பினான். கிரில்லைப் பிடித்தான்.

"உஷா. தண்ணி."

ராமலிங்கம் சார் நின்ற அதே இடம். அன்றைக்கு உள்ளே நின்று பதில் சொன்னவன் இன்றைக்கு வெளியே நிற்கிறான். இந்த ஒரு நிமிடத்துக்காக இன்னும் ஆறு வருடம்கூடப் பொறுத்திருப்பேன்.

டம்ளர் கம்பிக்குள் நுழையவில்லை. பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து நீட்டினேன். நின்றபடியே குடித்தான், சட்டையெல்லாம் நனைந்தது. கிழவனாகிவிட்டான், கழுத்து நரம்பெல்லாம் தெரிகிறது.

"உக்காந்து குடிக்காட்டி செல்லாது" என்றான்.

"லோரில உக்காருண்ணே."

லிஃப்ட் சத்தம் கேட்கும் வரைக்கும் அங்கேயே நின்றேன். பிறகு என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

9 நவம்பர், சனி

மலர் படம் அனுப்பியிருந்தாள். ஸ்ரீ கெம்பாங்கான் வீட்டு வாசல், பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் தட்டோடு அண்ணன். "நல்லா சாப்பிடறாங்க அத்தை. ராத்திரிதான் தூங்க மாட்டேங்கிறாங்க. திரும்ப வரலாமான்னு உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க."

பதில் எழுத நேரம் பிடித்தது. "ஒரு நாள் சாப்பிட வரட்டும். செவ்வாய்க்கிழமை. புதன், சனி, ஞாயிறு வேண்டாம்" என்று அனுப்பினேன். இதற்கு மேல் என்னால் முடியாது.

போனில் படங்களை வரிசையாகப் பார்த்தேன். சுங்கை வேயில் இரண்டும் ஒரே கூடையில் தூங்குகின்றன. கிள்ளானில் மூவர்ணம் அமுதவள்ளி வீட்டுத் திரைச்சீலையில் தொங்குகிறது. பிறகு அண்ணன். கருப்பன் படம் மட்டும் இல்லை. செத்த அன்றைக்கு என்னையும் சேர்த்துத்தான் எழுதினேன், பிறகு எல்லாவற்றையும் அண்ணன் தலையில் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் சலூனுக்குப் போனேன், ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. ஆள் யாரும் இல்லை. திருச்செல்வம் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்க் கிண்ணத்தை எடுத்து வந்து கொடுத்தார். கழுவி வைத்திருந்தார்.

"மன்னிச்சிருங்க தம்பி" என்றேன்.

"சரிக்கா. ஆனா இன்னொன்னு கொண்டாந்துராதீங்க."

"மாட்டேன்."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். செவ்வந்தி இப்போது அதில்தான் சாப்பிடுகிறது.